எட்டு பில்களும் ஓர் எக்ஸ்ரேயும்

2024 ஜூன் 11, செவ்வாய். வண்டன்மேட்டில் விடியும் முன்பே சாரல். 5.40க்கு எழுந்து மேசையைத் துடைத்தேன். ஆறு மணிக்கு என் மனைவி ரோஸ்லின் முகக்கவசம் கட்டி, கை கழுவி, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக அன்றைய முதல் டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொண்டாள். தினம் நான்கு தடவை. ஒரு முறைகூடத் தவறியதில்லை. நான் நேரத்தை டைரியில் குறித்தேன். (என் பங்கு அவ்வளவுதான்.)

குழாயைத் தாங்கும் இடுப்புப் பட்டை, மூடிகள், பிளாஸ்திரி என்று எட்டு பில்கள். மறுநாள் இன்சூரன்ஸ் ஆபீசில் கொடுக்கக் கடைசி நாள். அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த மாதச் சாமான்கள்.

நான் ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா. இந்த ஊர் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், விடுமுறைப் பட்டியலைக்கூட லேமினேஷன் செய்துதான் வைப்போம். அன்று மதியம் ஆபீஸ் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எட்டு பில்களையும் தேதி வரிசையில், ஸ்கேல் வைத்து, ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கிச் சூட்டில் விட்டேன்.

மறுபக்கம் எட்டு கறுப்புக் கட்டங்கள் வந்தன. ஓர் எழுத்து இல்லை.

ரோஸ்லின் அப்போது நாலு மணி டயாலிசிஸில் இருந்தாள். பார்த்தாள். திரவம் இறங்கி, மூடியை மாட்டி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அந்த நிதானம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

“எதுக்கு இப்படி வேர்த்துப்போய் நிக்கிறீங்க? டைரியில பில் நம்பர் எழுதியிருப்பீங்கல்லா?”

இல்லை. மழை நின்ற நேரம்கூட இருந்தது. பில் நம்பர் இல்லை. (பில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.)

“சரி, என் போனை எடுங்க. சைஸ் சரியான்னு கேட்டு ஒவ்வொரு பில்லையும் டயாலிசிஸ் நர்ஸக்காவுக்குப் போட்டோ அனுப்பியிருக்கேன்.”

எட்டும் இருந்தன. அவள் போனோடு ஐந்து மணி பஸ்ஸில் கட்டப்பனை மருந்துக்கடைக்கு ஓடினேன். பில் போடும் ஷீபா என் படைப்பை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“சேட்டா, இது யாரோட எக்ஸ்ரே?”

சொன்னேன். “இந்தப் பேப்பர்ல மையே கிடையாது சேட்டா. சூடு பட்டாத்தான் எழுத்து வரும். நீங்க மொத்தத்தையும் சூடாக்கிட்டீங்க.” சிரித்துக்கொண்டே, போனிலிருந்த நம்பர்களைப் பார்த்து எட்டையும் மறுபடி அச்சடித்து, சீல் குத்தினாள். “சீல் இருந்தா இன்சூரன்ஸ்ல எடுத்துக்குவாங்க.” எடுத்துக்கொண்டார்கள்.

இன்றும் ரேஷன் கார்டோ கல்யாணப் பத்திரிகையோ என் கைக்கு வந்தால் மகள் ஜெனி சொல்வாள்: “அம்மா, பிடுங்கிரு. அப்பா எக்ஸ்ரே எடுத்துருவாரு.”

இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிய அந்த மறுநாள், காலை ஆறு மணி டயாலிசிஸ் முடிந்ததும், ரோஸ்லின் முதல் காரியமாக எட்டு பில்களையும் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். எனக்குக் குடையைக் கொடுத்தாள்.