ஈரமானியின் தினசரிக் குளியல்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு எங்கள் குடியிருப்பின் காய்கறிப் பாத்திச் சங்கம் தோன்றும்வரை சும்மாதான் இருந்தது. சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கட்டடத்துக்குப் பின்னால் வீட்டுக்கொரு பாத்தி. இந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவது என்ற காட்டுமிராண்டிப் பழக்கம் எங்கள் உறுப்பினர்களிடம் இருந்தது. அதை ஒழிக்க, 'ஈரமானி' என்ற கருவி ஒன்றை வாங்கிப் பாத்திகளுக்கு நடுவே மண்ணில் நட்டோம். விற்றவர் என் சகலை என்பது தற்செயல். மண்ணில் ஈரம் இருந்தால் பச்சை விளக்கு எரியும், காய்ந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்தால்தான் குழாயின் பூட்டைத் திறப்போம்.

அவ்வளவு உயர்ந்த பொருளில் தூசி படியலாமா? காவலாளி தினமும் காலையில் அதைக் குளிப்பாட்ட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஒரு வாளி கௌரவக் குறைச்சல் என்று பொருளாளர் கருதியதால் இரண்டு வாளி.

அன்றிலிருந்து பச்சைதான். நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்றாம் மாடித் தையல்காரம்மாவுக்கு மட்டும் தூக்கமில்லை. கணவர் கால் ஒடிந்து படுத்ததிலிருந்து அந்த வீட்டு அடுப்பு அவர்களுடைய பாத்தியை நம்பித்தான் எரிந்தது. கருகிய வெண்டைச் செடியோடு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"ஐயா, பூவெல்லாம் கொட்டிப் போச்சு. ஒரு குடம் தண்ணி விடுங்க. புள்ளைங்களுக்கு ஆக்கிப்போட வேற ஒண்ணுமில்ல."

தலைவர் சில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பச்சை எரியுதேம்மா."

"செடி சாகுதே!"

"செடி சொல்றதை எப்படிம்மா நம்புறது? அது உங்க செடி. உங்களுக்குச் சாதகமாத்தானே பேசும்?"

"அந்த மிஷினைத் தெனமும் குளிப்பாட்டுறீங்களே, பச்சை எரியாம என்னய்யா எரியும்? என் வயிறுதான் எரியுது!"

"குளிப்பாட்டலைன்னா தூசி படிஞ்சு தப்பாக் காட்டுமே!" என்று பொருளாளர் பதறினார்.

வயிறு எரிவது அன்றைய விவாதப் பொருளில் இல்லை என்பதை நான் பணிவுடன் சுட்டிக்காட்டினேன்.

பாத்திகள் எல்லாம் காய்ந்து சருகாயின. தையல்காரம்மா கெட்டிக்காரி. உயிர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கி, ஈரமானியின் காலடியில் நட்டார். அது தளதளவென்று வளர்ந்து காய்த்தது. அதன் படத்தை மாநகராட்சிக்கு அனுப்பினோம். 'நீர்ச் சிக்கன விருது' தேடி வந்தது.

விழாவுக்கு வந்த அதிகாரி, "மத்த பாத்தியெல்லாம்?" என்று கேட்டார்.

"ஓய்வுல இருக்கு சார்" என்றார் தலைவர். சொன்ன கையோடு செடியில் இருந்த காய்களை ஒன்று விடாமல் பறித்து, அதிகாரியின் பையில் போட்டார். தையல்காரம்மாவின் பிள்ளைகள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெருந்தன்மையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த அம்மாவையும் மேடைக்கு அழைத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம்.

அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அடுத்த பிறவியிலயாவது எம்புள்ளைங்க மிஷினாப் பொறக்கட்டும். கேக்காமலே தெனமும் ரெண்டு வாளி ஊத்துவீங்க. வயித்தோட பொறந்ததுங்கதான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டுச் சாகுதுங்க."

நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.