மயில் தோகையும் இரண்டாயிரம் புள்ளிகளும்

அன்பு மருமகன் எழிலுக்கு,

ஆமத்தூரிலிருந்து மாமன் செல்லப்பாண்டி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உன் அச்சுப் பட்டறை, அதில் உலோகம் வெட்டும் கம்ப்யூட்டர் மெசின் மூவரும் சுகம். அங்கே மதுரை ஆஸ்பத்திரியில் உன் மனைவி நாகஜோதிக்கு நல்லபடியாகப் பிரசவமாக வேண்டும். போனில் சொன்னால் பாதிப் பேச்சிலேயே பஸ் ஏறிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். பதறாமல் படி.

வெடிக்கம்பெனி ஜெயச்சந்திரன் அண்ணாச்சியின் பரிசுப்பெட்டி மூடியில் மயிலைப் புடைப்பாக அழுத்துவதற்குப் பித்தளை அச்சு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் சீசன் ஆர்டர் முழுவதும் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். செவ்வாய்க்கிழமை, மெசின் ஓட்டும் ஸ்ரீமதி கம்ப்யூட்டரில் தோகையைக் காட்டினாள். பெரிதாக்கிப் பார்த்தால் அது வளைவே இல்லை. எல்லாம் குட்டிக் குட்டி நேர்கோடுகள். முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? புள்ளி கூடினால் துல்லியம் கூடும் என்று தோகை நெடுக இரண்டாயிரம் புள்ளிகளைச் சேர்க்கச் சொன்னேன். மெசின், ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கும் டவுன் பஸ் மாதிரி நின்று நின்று நடுங்கியது. "சார், ஒவ்வொரு புள்ளியிலயும் திசை மாறுது, அதான் வேகத்தைக் குறைச்சு மூச்சு வாங்குது. எம்புட்டு வரி விழுந்திருக்கு பாருங்க" என்றாள். ஒத்திகைக்காக அலுமினியத்தில் வெட்டிய அந்தத் தோகையில் தேங்காயே துருவலாம். வரைபடத்தாளில் வளைவாக வரையாமல் புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்த பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தவன் நான். எனக்கு யார் குறைப்பது?

மறுநாள் நேர் எதிராகப் போனேன். புள்ளியைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை, வளைவு வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்றேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. போகிற போக்கில் அலகு முனையையும் மழுக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"வாத்தியாரையா, நான் மயிலத்தான கேட்டேன்? வாத்தை வெட்டி வச்சிருக்கீக!"

"மயில்தான் அண்ணாச்சி. அலகுதான் கொஞ்சம்..."

"வாத்து போட்ட வெடியை எவன் வாங்குவான்? வெள்ளிக்கிழமை வாறேன்" என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை நிதானமாக யோசித்தேன். கண்மாய்க் கரையில் சைக்கிள் விடுகிறவன் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறிப் போவதில்லை. அதற்காகக் கரையை விட்டு இறங்குவதும் இல்லை. வளைவும் அப்படித்தான். எந்தப் புள்ளியை விட்டும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் விலகாமல் ஓடட்டும், அலகு முனையில் மட்டும் நின்று திரும்பட்டும் என்றேன். ஸ்ரீமதி தலையாட்டினாள். மூன்றாவது அலுமினிய மயிலை விரலால் தடவினால் எங்கும் தட்டவில்லை. நான் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் பித்தளை அச்சே தயாராகிவிட்டது! இன்று அண்ணாச்சி, "இதுதான்யா மயிலு" என்று சொல்லி ஆர்டரை உறுதி செய்துவிட்டார். ஆகவே நீ வர வேண்டாம். இனி வளைவுகளை மாமன் பார்த்துக்கொள்கிறேன்.

தாயும் சேயும் சுகமாக வீடு வந்து சேர இருக்கன்குடி மாரியாத்தா துணையிருப்பாள்.

இப்படிக்கு,
மாமன் செல்லப்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஸ்ரீமதியிடம் படிக்கக் கொடுத்தேன். "பித்தளையை வெட்ட ஆறு மணி நேரம் ஆகும் சார். நீங்க சாப்பிடப் போனது முக்கால் மணி நேரம்" என்றாள். நீ புறப்படுவதற்கு முதல் நாளே அச்சை வெட்டிப் பீரோவில் வைத்துவிட்டாயாமே? "மாமா சும்மா இருக்க மாட்டாக, அலுமினியத் துண்டு நாலு குடு" என்றும் சொல்லிவிட்டுப் போனாயாம். அண்ணாச்சி வாத்து என்ற அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "அடுத்த தடவை நீங்களே சரியாச் சொல்லிருவீகன்னு தெரியும் சார். நடுவுல குடுத்தா உங்க மனசு ஒடிஞ்சிருமே" என்கிறாள். ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. நாளைக்கும் பட்டறைக்கு வருவேன்.