காப்புக் கட்டிய ஊரில் கடுகு தாளித்தவன்

“...அதுவும் கடுகு வெடிக்க வெடிக்கத் தாளிச்சிருக்கீங்க. ஆத்தாளுக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சீங்களா வாத்தியாரே?”

பள்ளிக்கூட வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் ஊர்த் தலைவரான அம்பலகாரர். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, தோளில் துண்டு, முதுகுக்குப் பின்னால் பாதி ஊர். அவர் பேச்சின் முன்பாதி வாணலிச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. (விழுந்திருந்தால் பின்சுவர் ஏறிக் குதித்திருப்பேன்.) அத்தனை கோபத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டினார். எங்கள் சீமையில் மரியாதை குறையாமல்தான் மானத்தை வாங்குவார்கள்.

அது உலகச் சண்டைக்காலம். அரிமளத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கு நான் ஒருவனே வாத்தியார். கட்டுமாவடிக் கடற்கரையில் பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிப் படிப்பு முடிந்து, மீதியைக் கடலை மடித்து வரும் காகிதங்களில் படித்தவன். ஊரார் நல்லவர்கள். காலையில் “வாங்க சார்”, மாலையில் “போயிட்டு வாங்க சார்”. இரண்டுக்கும் நடுவே என்னோடு பேச யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் நானும் சோற்றுச் சட்டியும்தான். சில நாள் சட்டியிடமே “உப்புப் போதுமா?” என்று கேட்டிருக்கிறேன்.

சமையல் வகுப்பு பிறந்தது அப்படித்தான். வெளியே சொன்ன காரணம் வேறு. அரிசித் தட்டுப்பாடு, பிள்ளைகளுக்கு வாயோரமெல்லாம் புண். கீரையும் கம்பும் தின்றால் தேறும் என்று ஒரு கடலைக் காகிதத்தில் போட்டிருந்தது. (கட்டுரையின் மீதிப் பாதி வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டது.) சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளே முருங்கைக்கீரை உருவி, கம்பு குத்தி, அடுப்பு மூட்டுவார்கள். வீட்டில் கீரையைக் கண்டால் தலைதெறிக்க ஓடுகிறவர்கள், தாங்கள் உருவிய கீரை என்றதும் சட்டியை வழித்தார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நான் தனியாகச் சாப்பிடாத வேளை.

அந்தச் சனிக்கிழமை என்றுமில்லாத கூட்டம். பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகள்கூடக் கிண்ணத்தோடு வந்திருந்தார்கள். என் வகுப்பின் புகழ் பரவிவிட்டது என்று பூரித்துப்போனேன். அம்பலகாரர் மகள் ராக்குவிடம் கரண்டியைக் கொடுத்து, கீரைப் பொரியலுக்குக் கடலை எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளிக்கச் சொன்னேன். “சார், இன்னும் கொஞ்சம் கடுகு” என்று பிள்ளைகள் ஒரே கெஞ்சல். அள்ளிப் போட்டேன். கோயில் வரைக்கும் மணத்தது.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை அந்த ஊரில் எந்த வீட்டிலும் தாளிக்க மாட்டார்களாம். பிள்ளைகள் நாக்குச் செத்துக் கிடந்திருக்கிறார்கள். விஷயம் தெரியாதவன் ஊரில் நான் ஒருவன்தான் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

“ஏ ராக்கு, நீயா தாளிக்கிறே?”

“சார்தாம்ப்பா கரண்டியக் குடுத்தாரு.” (உண்மைதான். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.)

பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அடுப்பில் ஊற்றினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் என் தலையிலும் ஊற்றினார்கள். பொரியலைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இன்றைக்கும் என் மனைவி கடுகு போடுமுன், “ஊர்ல காப்புக் கட்டலையே?” என்று தெருவுக்குக் கேட்கக் கூவுவாள். பேரன் பேத்திகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அன்று சிரிப்பு வரவில்லை.

“இந்த வகுப்பெல்லாம் இனி வேணாங்க. பிள்ளைக எழுதப் படிச்சாப் போதும்” என்றார் அம்பலகாரர். ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மஞ்சள் சொட்டச் சொட்ட நான் நின்றேன். கம்பங்கூழ்ப் பானை மட்டும் தப்பியிருந்தது. கடைசியாகப் படியிறங்கப் போன அம்பலகாரர் திரும்பினார்.

“தெருவெல்லாம் வேப்பிலை கட்டுனதப் பாத்தீகள்ல?”

“பாத்தேங்க. எங்க ஊருல அம்மை கண்ட வீட்டுல மட்டுந்தாங்க தாளிக்க மாட்டாக. இங்க ஊருக்கே ஆகாதுன்னு தெரியாதுங்க.”

“ஒருத்தருகூடவா சொல்லல?”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எங்கிட்ட யாருங்க பேசுறாக?”

அவர் பானையை எட்டிப் பார்த்தார்.

“கூழுல தாளிப்பு இல்லையில்ல?”

“இல்லைங்க.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈரத்தரையைத் துடைத்தார். எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ராக்கு விட்டுப்போன காலிக் கும்பாவை என் பக்கம் நீட்டினார்.