ஒன்றுமில்லாததற்கு மூன்று நகல்

ஒரு மனிதர் பிறந்தால் மட்டும் போதாது. அவர் பிறந்தார் என்று இன்னொருவர் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்ததை மூன்றாவதாக ஒருவர் எடுத்துப் பார்த்து, "ஆமாம், பிறந்திருக்கிறார்" என்று முத்திரை குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த மூன்றாவது ஆள் உட்காரும் இடத்துக்குப் பிறப்புப் பதிவு அலுவலகம் என்று பெயர்.

எங்கள் மகளின் சான்றிதழ் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கூரை ஒழுகியதும் சரியாக அந்தத் தட்டில்தான். பெயரும் தேதியும் கரைந்து ஒரே நீலக் குட்டையாகிவிட்டன.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்றார் என் நாத்தனார்.

"எடுத்தேன் அண்ணி. பத்திரமா இருக்கட்டும்னு அதுக்குள்ளயே மடிச்சு வெச்சேன்."

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கவுண்டரில் பேசுவதென்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அண்ணிக்கு அடைக்காது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, சேர்க்கை முடிகிற வரைக்கும் ஒன்றாம் வகுப்பில் ஒரு இடத்தை எங்களுக்காகப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

கவுண்டர்காரர் மரியாதையான மனிதர்.

"பாப்பாவோட பிறப்பு உள்ள இருக்குதும்மா. ஆனா எடுக்க முடியாது."

"ஏன்?" என்றார் அண்ணி.

"கம்ப்யூட்டர் பழசு. ஆன் பண்ணினா எப்ப வேணும்னாலும் போயிடும். உள்ள இருக்கறது ஊர் ஜனம் பூராவும். அதனால ஆன் பண்றதையே நிறுத்திட்டோம்."

"நிறுத்தினப்புறம்?"

"ஒரு கோளாறும் இல்லைங்க. ரொம்பப் பத்திரமா இருக்கு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அது இருந்தது. மேலே வெள்ளைத் துணி போர்த்தி, 'தொடாதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பார்த்தால் யாரோ உள்ளே படுத்திருப்பதுபோல இருந்தது.

"இன்னொரு கம்ப்யூட்டர்ல நகல் எடுத்துக்கிட்டா கவலை விட்டுதே?"

"அதுக்குத்தாங்க குழு போட்டிருக்கு. நகல் எடுக்கற வரைக்கும் அசலைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"அசலைத் தொடாம நகல் எப்படி எடுப்பீங்க?"

"அதைத்தான் குழு ஆராய்ஞ்சிட்டிருக்கு. பெஞ்சுல உக்காருங்க."

உட்கார்ந்தோம். குழு கூடும் அறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால், அரசு ரகசியம் எல்லாம் நேராகப் பெஞ்சுக்கு வந்தது.

அந்த வருடம் அலுவலகங்களில் ஓப்பன் சோர்ஸ் பரவியிருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேரை எழுதி, சும்மா கொடுத்துவிடுவார்கள்; யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். மின்சார அலுவலகத்தில் அது வந்துவிட்டது. குடிநீர் அலுவலகத்திலும் வந்துவிட்டது. வந்தது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தங்களிடம் இல்லை என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை. ஆகவே நம் பதிவாளரும், எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கம்பி வழியாகவே நகல் எடுத்துவிடும் ஓப்பன் சோர்ஸ் பேக்கப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று தீர்மானித்தார். பதிவாளர் ஓய்வு பெறுகிற தறுவாயில் இருந்தார். போவதற்குள் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

குழுவில் அவரோடு கணக்கர் ஒருவர், ஆலோசகர் ஒருவர். ஆலோசகர் பின்னால் குடுமி முடிந்திருந்தார். அவருடைய லேப்டாப்பின் முதுகு தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறையாவது 'கம்யூனிட்டி' என்று சொல்லாமல் அவரால் மூச்சு விட முடியாது.

"மூணு சாஃப்ட்வேர் பரிசீலனையில இருக்கு. விலை?" என்றார் பதிவாளர்.

"பூஜ்யம் சார். மூணுமே," என்றார் கணக்கர்.

"விதிப்படி குறைஞ்ச விலைக்குத்தான் எடுக்கணும். இதுல குறைஞ்ச பூஜ்யம் எது?"

"சார், இது விக்கிறதில்ல. கம்யூனிட்டி குடுக்கறது," என்றார் ஆலோசகர்.

"கம்யூனிட்டியோட விலாசம்?"

"உலகம் பூரா சார்."

"கதவு எண் வேணுமே."

கடைசியில் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கடிதம் போனது. 'தாங்கள் குறிப்பிட்டுள்ள பூஜ்யத்தை எமது அலுவலகத்தின் நிதி நிலையைக் கருத்தில் கொண்டு மேலும் குறைக்க இயலுமா என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான், 'தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார். தாராளம் என்பது தள்ளுபடி எனப் பொருள் கொள்ளப்பட்டு, அவருடையது தேர்வானது.

அடுத்த தடவை போனபோது அலுவலகம் இரண்டு கட்சியாகியிருந்தது. பேக்கப் சாஃப்ட்வேருக்குக் கூடவே ஒரு டேட்டாபேஸ் வேண்டுமாம். எதை எடுத்து எங்கே வைத்தோம் என்று அது அதில்தான் குறித்துக்கொள்ளும். குறிக்காவிட்டால், வைத்த பொருள் எங்கே என்று அதற்கே தெரியாமல் போய்விடும். அலுவலகம் மாதிரியே ஆகிவிடும். தேர்வான சாஃப்ட்வேர் நீலப் படம் போட்ட டேட்டாபேஸோடுதான் ஒத்துப்போகும். ஆனால் பதிவாளர் பச்சைப் படம் போட்டதற்குப் போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"பச்சைக்கு ஏன் சார் போட்டீங்க?" என்று கேட்டார் கணக்கர்.

"நீலம் நம்ம ஜன்னல் திரைக்கு ஒத்துவரலை."

"இப்ப சாஃப்ட்வேருக்குப் பச்சை ஒத்துவரலையே."

"கையெழுத்தை மாத்த முடியாதுய்யா. சாஃப்ட்வேரை மாத்துங்க."

"மாத்திடலாம் சார்," என்றார் ஆலோசகர் சந்தோஷமாக. "ஓப்பன் சோர்ஸ்தானே? உள்ள திறந்து நாமளே மாத்திக்கலாம். கம்யூனிட்டி ஒண்ணும் சொல்லாது."

பெஞ்சில் அண்ணி என் காதோரம் சாய்ந்தார். "செருப்பை வாங்கியாச்சு. இனிமே காலைச் செதுக்கணும்."

செதுக்கினார்கள். செதுக்கியது சரிதானா என்று சோதிக்க வேண்டுமே? ஊர் ஜனத்தின் பிறப்பை வைத்துச் சோதிப்பது ஆபத்து. ஆகவே புதிதாக வந்த காலிக் கம்ப்யூட்டரில் இருந்த ஒன்றுமில்லாததை, பக்கத்தில் இருந்த இரண்டு காலிக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தார்கள். ஒரு பிழை இல்லை. ஒன்றுமில்லாதது மூன்று இடத்திலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தது. கணக்கர் இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். கவுண்டர்காரர்கூட எங்களைப் பார்த்து, "அதிர்ஷ்டம்மா உங்களுக்கு. திறப்பு விழா முடிஞ்சதும் மொத சான்றிதழ் உங்க பாப்பாவுக்குத்தான்" என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார், இந்த வாரத்துக்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று. நான் மகளுக்குத் தலை வாரி, பையையும் மாட்டி, நேராக விழாவுக்குக் கூட்டிப் போனேன்.

திறந்து வைக்க மேலிடத்திலிருந்து இயக்குநர் வந்திருந்தார். அசலைத் தொடக் கூடாது என்ற உத்தரவு அன்று ஒருநாள் தளர்த்தப்பட்டது. துணியை எடுத்துப் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது ஒரு முனகல்கூட இல்லாமல், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி சமர்த்தாக விழித்துக்கொண்டது.

பெரிய திரையில் இரண்டு படம் தெரிந்தது. ஒரு பக்கம் பழைய கம்ப்யூட்டர், ஒரு பக்கம் புதியது. நடுவில் பழையதிலிருந்து புதியதை நோக்கி ஒரு அம்புக்குறி. பதிவாளர் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார்.

"என்னய்யா இது? இயக்குநர் ஐயா திறந்து வைக்கிறது புது மெஷின். அது போய்ப் பழசுகிட்ட கை நீட்டி வாங்குதா?"

"அப்படித்தான் சார் எடுக்கணும்," என்றார் கணக்கர்.

"மேலிருந்துதான்யா கீழ போகணும். என்னைக்காவது கீழேயிருந்து மேல போயிருக்கா? அம்பைத் திருப்புங்க. திருப்ப முடியுமா முடியாதா?"

ஆலோசகருக்கு முகம் மலர்ந்தது. "ஓப்பன் சோர்ஸ் சார்! எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பலாம். கம்யூனிட்டி குடுத்த சுதந்திரமே அதுதான்."

அம்பு திரும்பியது. இயக்குநர் பொத்தானை அழுத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் 'வெற்றி' என்று வந்தது. கைத்தட்டல்.

"ஊர் பூராவையும் இவ்வளவு வேகமாவா?" என்று வியந்தார் இயக்குநர்.

"நம்ம நெட்வொர்க் அப்படி சார்."

சொன்ன சொல் தவறாத கவுண்டர்காரர் உடனே என் மகளின் பெயரைத் தட்டினார். 'பதிவு இல்லை.' சந்தேகப்பட்டுத் தன் பெயரைத் தட்டினார். பதிவு இல்லை. பதிவாளர் பெயரும் இல்லை. இயக்குநரும் இதே ஊரில் பிறந்தவர்தான். அவர் பெயரும் இல்லை.

"அப்ப நாம யாருமே பொறக்கலையா?" என்று கேட்டார் இயக்குநர்.

ஆலோசகர் லேப்டாப்பை ஆராய்ந்தார். "பயப்படாதீங்க சார். பேக்கப் நூறு சதவீதம் வெற்றி. புதுசுல இருந்த ஒன்றுமில்லாதது, ஒரு துளி சேதாரம் இல்லாம பழசுக்குப் போய்ச் சேர்ந்துருச்சு."

மறுநாள் காலை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'தொழில்நுட்ப மேம்பாட்டின் பயனாக, பொதுமக்கள் தத்தம் பிறப்பைத் தாங்களே நேரில் வந்து பதிவு செய்துகொள்ளும் அரிய வாய்ப்பு வழங்கப்படுகிறது.'

ஊரே திரண்டு வந்தது. கையில் கல் எடுக்காத குறை. "எங்க பிறப்பை என்னடா பண்ணினீங்க?" என்று வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். அப்போது யாரோ அறிவிப்பின் இரண்டாவது வரியைச் சத்தமாகப் படித்தார்: 'வாய்மொழியாகத் தெரிவிக்கும் தேதியே போதுமானது.'

சத்தம் அடங்கியது. உலுக்கிய கைகள் கேட்டை விட்டன. யாரும் சொல்லாமலே ஒரு வரிசை உண்டானது.

முதலில் நின்றவர் பதிவாளர். ஓய்வு பெற வேண்டியவர் பத்து வயதைக் குறைத்துக்கொண்டு, மறுபடியும் தன் அறைக்கே போய் உட்கார்ந்தார். ஆலோசகர் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். சின்ன வயது என்று யாரும் மதிப்பதில்லையாம். அண்ணி கவுண்டரிலிருந்து திரும்பும்போது நடையே வேறாக இருந்தது.

"எவ்வளவு அண்ணி?"

"அஞ்சுதான். பேராசை கூடாது."

"அப்போ உங்களைவிட உங்க தம்பி பெரியவராயிட்டாரே?"

"இனிமே அவன் என்னை 'போ, வா'ன்னு பேசட்டும். நான் கோவிச்சுக்க மாட்டேன். நீ அண்ணின்னு கூப்பிடறதை மட்டும் நிறுத்திடு, வயசான மாதிரி இருக்கு."

என் முறை வந்தது. அன்று சாயங்காலத்தோடு பள்ளிச் சேர்க்கை முடிகிறது.

"பாப்பா பொறந்த தேதி சொல்லுங்கம்மா."

சொன்னேன். கவுண்டர்காரர் தட்டப் போனவர், கையை எடுத்துவிட்டார்.

"யோசிக்காம சொல்றீங்களே?"

"அன்னைக்குத்தாங்க பொறந்தா."

"அப்படின்னா ஆதாரம் வேணும்."

"மத்தவங்ககிட்ட கேக்கலையேங்க?"

"அவங்க தோராயமா சொன்னாங்க. தோராயத்துக்கு ஏதும்மா ஆதாரம்? நீங்க இதுதான்னு உறுதியா சொல்றீங்க. உறுதியா சொன்னா உறுதிக்குக் காகிதம் இருக்கணுமில்ல?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. "சீக்கிரம்மா, நாங்கள்லாம் பொறக்க வேண்டாமா?" என்றது ஒரு குரல். கவுண்டர்காரருக்கும் மனசு கேட்கவில்லை. முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "வேற எதாவது ஒரு தேதி சொல்லுங்களேன். இப்பவே போட்டுத் தந்துடறேன்."

எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. கண்ணில் பட்ட தேதியைச் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குத் தோதான வருடத்தைச் சேர்த்தேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல," என்று தட்டினார். சான்றிதழ் சூடாக வெளியே வந்தது. முத்திரை விழுந்தது. மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அது என் பொறந்தநாள் இல்ல."

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். கவுண்டர்காரர் எழுந்து, கண்ணாடி ஓட்டை வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே அதுதான் கண்ணு. மூணு இடத்துல பேக்கப் ஆயிருச்சு. இனி யாராலயும் அதை அழிக்க முடியாது."

வரிசை முழுக்க நிம்மதியாகத் தலையாட்டியது.

"நல்லவேளை, பேக்கப்னு ஒண்ணு இருக்கு," என்றார் எனக்கு முன்னால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நின்றவர். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் தாத்தாவாக இருந்தாராம்.