நாற்பத்தேழு மார்க்குக்கு வந்த காசரோல்

பஃபலோ,
தவக்காலத்துச் சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய வாண்டா அக்காவுக்கு,

தம்பி காசிமிர் தாழ்மையுடன் எழுதுவது. இங்கே நானும் லொரெய்னும் சுகம். ஃப்ளோரிடா வெயிலில் தாங்களும் தங்கள் புது இடுப்பெலும்பும் சுகமாயிருக்க அன்னை மரியாளை வேண்டிக்கொள்கிறோம். இங்கே பனி இன்னும் வாசற்படியை விட்டு நகரவில்லை.

நிற்க. என் மகள், தங்கள் மருமகள் ஹெலினா பொம்மலாட்டத்தில் பட்டம் வாங்கியவள் என்பது தாங்கள் அறிந்ததே. அப்படியொரு பட்டம் உண்டு என்று நம்பவே எனக்கு நாலு வருஷம் பிடித்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொம்மை ஆட்டிக்காட்டப் போனவள், முப்பது வயதில் ஒருநாள் திரும்பி வந்து, "அப்பா, நான் டாக்டராகப் போறேன்" என்றாள். மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்கவே வேதியியல், இயற்பியல், உயிரியல் எல்லாம் படித்திருக்க வேண்டுமாம். பொம்மலாட்டத்தில் அதெல்லாம் ஏது? அதனால் காலையில் பத்தொன்பது வயசுப் பொடிசுகளோடு வகுப்பு, சாயங்காலம் வேலை. அதிலும் கரிம வேதியியல் என்று ஒன்று இருக்கிறதே அக்கா, அது ஆளையே விழுங்குகிற பாடம். அதிலே கவிழ்ந்தா எந்தக் காலேஜும் திரும்பிக்கூடப் பார்க்காதாம். "இதைத் தாண்டிட்டா மிச்சமெல்லாம் தாண்டின மாதிரிதாம்ப்பா"ன்னு அவ சொன்ன நாள்லேருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கலே.

நேத்து மத்தியானம் மார்க் வந்துது. காரை வாசல்ல நிறுத்திட்டு, இறங்காம ஸ்டியரிங்லயே தலையைச் சாய்ச்சுக் கிடந்தா. ஓடினேன். "எவ்வளவும்மா?" "நாற்பத்தேழுப்பா." "எவ்வளவுக்கு?" "நூறுக்கு." அவ்வளவுதான், மாடி ஏறிப் போய்ப் படுத்துட்டா. நான் ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன், எனக்கென்ன தெரியும்? நம்ம காலத்துல அறுபத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸு! லொரெய்ன் வேற கோயில் கூடத்துல தவக்கால வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மீன் வறுக்கப் போயிருந்தா. நானும் அங்க போய் வரிசையில நின்னேன். முன்னாடி ஐரீன் பாவ்லாக். "என்ன காஸ், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"ன்னு கேட்டா. மனசு தாங்கலே, சொல்லிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னேன். அதை ஐரீன்கிட்ட சொல்றதும் மைக்கைப் பிடிச்சுச் சொல்றதும் ஒண்ணுதான். மீன் தட்டு என் கைக்கு வர்றதுக்குள்ள சாமியார் வந்து தோளைத் தட்டிட்டுப் போறார். வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ் விக்கற கடைக்காரன் ஸ்டான்லி, "என் கடையில ஃபோன் எடுக்க ஆள் இல்லே, திங்கக்கிழமையே வரச் சொல்லு"ங்கறான். நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு சரின்னுட்டேன். நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்னு நெனைச்சேன் அக்கா.

நம்ம பங்கு ஜனங்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சாவோ ஆபரேஷனோ விவாகரத்தோ, எதுவானாலும் முதல்ல வர்றது காசரோல், எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு அவன்ல வேக வச்சது. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள சமையல்கட்டு மேடை பூரா நூடுல்ஸும் சூரைமீனும் சீஸும் ஆவி பறக்குது. கூடத்துல பொம்பளைங்க மெல்லிசா பேசிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. சத்தம் கேட்டு ஹெலினா தலைவிரி கோலமா இறங்கி வந்தா. சுத்திமுத்திப் பார்த்தா. "யாருப்பா செத்தது?"

ஐரீன் பாய்ஞ்சு கட்டிக்கிட்டா. "கண்ணு, டாக்டராகாட்டி என்ன? குளிர்காலத்துல மனுஷனுக்கு ஃபர்னஸும் முக்கியந்தானே!"

"எந்த ஃபர்னஸ்?"

அந்த நேரம் பார்த்து ஸ்டான்லி, ஹெலினா பேரைப் பாக்கெட்டுல தைச்ச கடைச் சட்டையோட உள்ள வர்றான்!

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நாற்பத்தேழுன்னு முனகினேன். ஹெலினா அப்படியே படிக்கட்டுல உட்கார்ந்து, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. "ஐயோ அப்பா! வகுப்பு சராசரியே இருபத்தெட்டு. வாத்தியார் அவ்வளவு கஷ்டமா கேட்பார், அப்புறம் எல்லாரும் எடுத்ததை வச்சு மார்க்கை மேலே ஏத்திடுவார். நான்தாம்ப்பா முதல்! ஒரு வாரமா தூங்கலே, அதான் போய் விழுந்தேன்."

லொரெய்ன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "எவ்வளவுக்குன்னு கேட்டீங்களே, மத்தவங்க எவ்வளவுன்னு கேட்டீங்களா?"

அக்கா, பனியில பஸ் சறுக்கிப் பாலத்துக் கம்பியில போய் முட்டி நின்னப்பகூட நான் அழலே. நேத்து அழுதேன். ஐரீன் மட்டும் காசரோலைத் திருப்பி எடுத்துக்கறதா வேண்டாமான்னு புரியாம முழிச்சுக்கிட்டிருந்தா. கடைசியில எல்லாருமா உட்கார்ந்து சாப்பிட்டோம். ஸ்டான்லி அந்தச் சட்டையை அவளுக்கே பரிசாக் கொடுத்துட்டான்.

ஆகவே, கண்டம் தாண்டிவிட்டது. இனி நமக்கு ஒரு கவலையும் இல்லை. குடும்பத்துக்கு டாக்டர் வந்தாயிற்று. மனப்பாரம் இறங்கிவிட்டது. அன்னை மரியாள் தங்களுக்குத் துணையிருப்பாளாக. எங்கள் எல்லோருடைய அன்பும் வணக்கமும்.

தங்கள் தம்பி,
காசிமிர்

பி.கு.: கடிதத்தை ஹெலினா படிச்சுட்டா. இது இந்தப் பாடத்துல முதல் பரீட்சைதானாம், இன்னும் மூணு இருக்காம். அப்புறம் இதே பாடத்துக்கு ரெண்டாம் பாதி, இயற்பியல், நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், அப்புறம் நாலு வருஷம் மருத்துவம், அதுக்கப்புறம் பயிற்சி. கூட்டிப் பார்த்தேன். அவ முழு டாக்டராகறப்ப எனக்கு எழுபத்தொன்பது. அதுவரைக்கும் நான் இருந்தாகணுமே அக்கா! ஞாயித்துக்கிழமைக்கு வாங்கி வச்ச சாசேஜைத் தூக்கி ஐரீனுக்குக் கொடுத்துட்டேன். இப்ப நடக்கக் கிளம்பறேன், பனி பேஞ்சாலும் சரி. லொரெய்ன் பூட்ஸைக் கதவுகிட்ட எடுத்து வச்சிட்டா.