அத்தையும் பிரேக் பூஸ்டரும்

தலைவலிக்குக் காரணம் என்ன என்று கைப்பேசியில் தேடுகிறவருக்குச் சாயங்காலத்துக்குள் நாலு பெரிய வியாதி வந்துவிடும். புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். கார் பழகிய காலத்தில் நான் ஓட்டிய நேரத்தைவிட, கார் பழுது பற்றிய வீடியோக்களைப் பார்த்த நேரம்தான் அதிகம். அதில் என் மனதைக் கொள்ளைகொண்டது பிரேக் பூஸ்டர். நாம் லேசாக மிதிப்பதைப் பலமாக்கி பிரேக்குக்குக் கொண்டு சேர்க்கிற சாமான் அது. அது கெட்டால், மிதிக்கும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று கசியும். பெடல் கல்லாக இறுகிவிடும். (இதை யாரிடமாவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் குடும்பத்தோடு கொல்லிமலைக் கோயிலுக்குப் போக வேண்டி வந்தது. என் மாமியார், அதாவது அத்தை, வாடகைக் கார் பிடிக்கலாம் என்றார்.

“நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்குங்க அத்தை? நான் ஓட்டறேனுங்க.”

அத்தை என் கணவரைப் பார்த்தார். கார் ஓட்டத் தெரியாத என் கணவர் சுவரைப் பார்த்தார்.

“செரி கண்ணு. பத்தரமா ஊடு கொண்டாந்து சேத்துட்டீன்னா, இனி எங்க போனாலும் உங்கூடத்தான் வருவேன். இல்லீன்னா சாவி என்ற பீரோவுல இருக்கும்.”

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, மலைமேலேயே இருக்கும் செம்மேட்டில் சந்தை. சந்தையில் அத்தையை இறக்கிவிட்டால் காரில் காற்றுக்குக்கூட இடம் மிஞ்சாது. டிக்கியில் பலாப்பழம், சீட்டில் அன்னாசி, மடியில் மிளகு. மிச்சமிருந்த மரவள்ளிக் கிழங்குப் பையை, “இங்க சும்மாதான கெடக்குது” என்று என் சீட்டுக்கு அடியில் திணித்தார்.

இறக்கம் ஆரம்பித்தது. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். ‘ஸ்ஸ்ஸ்.’ அடுத்த வளைவிலும் ‘ஸ்ஸ்ஸ்.’

“ஏனுங்க, ஏதோ சத்தம் வருதுல்ல?”

“ஆமா, நீ பிரேக் புடிக்கறப்பல்லாம் வருது” என்றார் கணவர்.

எனக்குள் ஒரு கேவலமான சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு அடுத்த வளைவு வரைதான். அங்கே பெடல் பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன்.

எல்லோரையும் இறக்கிவிட்டேன். கணவர் டயருக்கு முட்டாகக் கல் வைத்தார். நான் வீடியோவில் பார்த்த பரிசோதனையைச் செய்தேன். இன்ஜினை அணைத்து, பெடலை நாலு தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே போகும். இம்மிகூட அசையவில்லை.

“பூஸ்டர் போச்சு” என்று அறிவித்தேன்.

அதற்குள் கீழிருந்து வந்த பஸ் எங்களைத் தாண்ட முடியாமல் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். “என்னாச்சுங்க அம்மணி?”

பூஸ்டர் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். (ஒரு பஸ் நிறையக் கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா?) லாரி வைத்து இழுக்க வேண்டும் என்று பயணிகள் முடிவு செய்தார்கள். அத்தை கையை நீட்டினார். சாவிக்காக.

சாவியை எடுக்க உட்கார்ந்தபோது, பதற்றத்தில் என் செருப்பு கழன்று உள்ளே போய்விட்டது. குனிந்து துழாவினேன். செருப்புக்கு முன்னால் வேறொன்று கையில் பட்டது. பெடலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தபடி, மண்ணும் தோலுமாக, ஒரு குட்டை மரவள்ளிக் கிழங்கு. இறக்கத்தில் பையிலிருந்து உருண்டு வந்திருக்கிறது.

அதை உருவிவிட்டு மறுபடி சோதித்தேன். பெடல் மெத்தென்று இறங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப அந்தச் சத்தம்?” என்றார் கணவர்.

கல்லை எடுத்துவிட்டு நான் காரை இன்னும் ஒதுக்கியதும், பஸ் டிரைவர் ஏறி பஸ்ஸை எங்களை உரசுகிற மாதிரி வளைத்துத் திருப்பினார். சாலையோரச் சுவரருகே இருந்து கேட்டது: ‘ஸ்ஸ்ஸ்.’ அத்தை! கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

“கத்துனா நீ பயந்துக்குவீன்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன் சாமி” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக என் கையிலிருந்த கிழங்கை எட்டிப் பார்த்து, “இதுதானுங்களா அந்தப் பூஸ்டரு?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். கிழங்கு அத்தையுடையது என்பதால் சாவிப் பேச்சே எழவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் மரவள்ளி வெந்தால், “பூஸ்டர் வெந்துருச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

சொன்ன சொல்படி அத்தை என்னோடுதான் வருகிறார், எல்லா வளைவிலும் ‘ஸ்ஸ்ஸ்’ என்றபடி. போன மாதம் அதே மலையில் இறங்கும்போது, பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. பதறிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன்.

அத்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.