முக்கால் மணி நேர மன்னிப்பு

பாசல் நகரில் சௌக்கியமாக இருக்கும், என்றும் அப்படியே இருக்க வேண்டிய என் அருமை அக்கா மார்கிரித்துக்கு,

தம்பி அலோயிஸ் எழுதுவது. சூரிச்சில் நானும் என் முழங்கால் வலியும் நலம். உன் நலமும் பூனையின் நலமும் அறிய ஆவல்.

சேதி என்னவென்றால், கீழ்வீட்டு ஒஸ்வால்டை மன்னித்துவிட்டேன். உட்கார்ந்து படி. எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் செவ்வாய்க்கிழமை என் முறை என்பது ஊரறிந்த விஷயம். ஒரு செவ்வாயன்று அவன் தன் திரைச்சீலைகளை இயந்திரத்தில் போட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது, பேச்சோடு வியாழக்கிழமைச் சீட்டாட்டமும் நின்றது. அவனை விட்டால் எனக்கு ஜோடி ஏது? குளிர்காலம் முழுக்க நாலு கைக்கும் நானே சீட்டுப் போட்டு நானே தோற்றேன். தனிமை தாங்கவில்லை, அக்கா. மன்னித்துத் தொலைக்கலாம் என்று படியிறங்குவேன். அவன் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் திரைச்சீலை தெரியும். கோபம் தலைக்கேறி, வந்த வழியே ஏறிவிடுவேன்.

அப்போதுதான் மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சோதனைக்கு ஆள் கேட்டார்கள். காந்தச் சுருளை நெற்றியருகே வைத்து மூளையைத் தூண்டினால் மனக்கட்டுப்பாடு கூடுமாம், மன்னிக்கிற குணமும் கூடுமாம். போனேன். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக்டக்கென்று சத்தம். இயந்திரத்தை இயக்கிய பெண், "இதோட பலன் முக்கால் மணி நேரந்தான் நிக்கும், ஐயா. அதுக்குள்ள கேள்வித்தாளை முடிச்சிடுங்க" என்றாள். கேள்வித்தாளாவது ஒன்றாவது! கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி டிராம் ஏறினேன். பாலத்தில் எவனோ தண்டவாளத்தின் குறுக்கே காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போயிருந்தான். டிராம் ஓட்டியே ஓய்வுபெற்ற நான் வாயைத் திறக்கவில்லை. அவனைத் திட்டினால் சுருளின் பலன் கரைந்து ஒஸ்வால்டுக்கு மன்னிப்பு மிச்சமிருக்காதே என்று பயம்.

மூச்சிரைக்கக் கதவைத் தட்டி, "உன்னை மன்னிச்சிட்டேன்டா, சீக்கிரம் வாங்கிக்கோ, நேரமாகுது!" என்றேன்.

அவன் முகம் தொங்கிவிட்டது. "அப்படின்னா இதையும் சேர்த்துக்கோ. அன்னிக்குப் போட்டது உன் சோப்புத்தூளு."

மன்னித்தேன்.

"போன வருஷச் சீட்டுப் போட்டியில தப்பான சீட்டை எறிஞ்சதும் வேணும்னுதான்."

"ஏன்டா?"

"நீ ரொம்ப அலட்டிக்கிட்டே."

கடிகாரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் நேரம் பாக்கி இருந்தது. அதையும் மன்னித்தேன். இரண்டு பேரும் அழுதோம், பாலாடைக்கட்டி உருக்கித் தின்றோம். நாளை சீட்டாட்டம்.

ஆகவே விஞ்ஞானத்தை நம்பு, அக்கா. அத்தானோடு மனத்தாங்கல் எதுவும் இருந்தால் சுருளுக்குச் சொல்லி வைக்கிறேன். எல்லோரும் நோய்நொடியில்லாமல், சண்டை சச்சரவில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மன்னிக்கத் தெரிந்த தம்பி
அலோயிஸ்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க, ஐயா. ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக உங்களுக்கு வச்சது வெறும் சத்தம் போடுற சுருள். நிஜ சுருளை வேற ஆளுங்களுக்குத்தான் வச்சோம்." அப்படியானால் ஒஸ்வால்டை மன்னித்தது யார்? நானாக இருக்கவே முடியாது. என்னை உனக்குத் தெரியாதா, அக்கா?